தலைகொண்டவர்களும் பங்காளிகளும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 25:2–35



மதுரைப் பக்கத்தில் 'பங்காளி' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தேநீர்க் கடையில் நண்பனின் தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்லும்போது அது நேசத்தின் சொல். அதே சொல் வரப்பின்மேல் நின்று சொல்லப்படும்போது, அல்லது நீதிமன்றத் தாழ்வாரத்தில் வக்கீலின் காதில் சொல்லப்படும்போது, பகையின் சொல். ஒரே தகப்பனுடைய சொத்தில் பங்குள்ளவன் பங்காளி. பங்குள்ளவனாக இருப்பதே அவன் செய்த குற்றம். என் பள்ளித்தோழன் ஒருவன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைப் பங்காளி என்றுதான் அழைத்து வருகிறான். அவன் கிறிஸ்தவன் அல்லன். தன் உடன்பிறந்த தம்பியையும் அவன் அதே சொல்லால்தான் குறிப்பிடுவான். ஆனால் அப்போது குரல் மாறிவிடும்.

அவனோடு சேர்ந்து ஒரு திரைப்படம் பார்த்ததைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அவனுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றான்.

போதகர் திரையரங்குக்குப் போகலாமா என்று சபையில் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்த 1834ஆம் ஆண்டு தொடங்கி நம் முன்னோர் கடைப்பிடித்த கட்டுப்பாடுகளின் நிழல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை நான் அலட்சியம் செய்வதில்லை. ஆயினும் கற்பனைக் கதை என்பதே விசுவாசிக்கு ஆகாது என்று சொல்லுகிறவர்களிடம் ஒன்றைக் கேட்பேன். நம் சபைகளின் மூத்தோர் போற்றிப் பாடிய இரட்சணிய யாத்திரிகம் எது? ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஒரு கற்பனைக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காப்பியமாக ஆக்கித் தந்ததே அது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் முன் நின்றபோது சட்டத்தை எடுத்து வாசிக்கவில்லை; ஓர் ஏழையும் அவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியும் உள்ள கதையைச் சொன்னார். நேரே சொன்னால் திறக்காத கதவு கதைக்குத் திறக்கிறது. 1931 செப்டம்பர் 19ஆம் நாள் இரவில் ஆக்ஸ்போர்டில் சி.எஸ். லூயிஸ், ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ஹியூகோ டைசன் என்ற மூன்று நண்பர்கள் புராணக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நெடுநேரம் நடந்தார்கள். அதற்குப் பின் பத்து நாட்கள் ஆவதற்குள் லூயிஸ் கிறிஸ்துவை விசுவாசித்தார். நண்பர்கள் கதை பேசுவதை வீண்பேச்சு என்று நான் சொல்லாததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதற்பாகம் அச்சில் வந்தது 1954இல். கல்கி தம் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்ததும் அதே 1954இல்தான். அவ்வாண்டு டிசம்பரில் கல்கி காலமானார். இரண்டையும் ஒப்பிடுவது சரியா என்று இலக்கியம் கற்றவர்கள் சொல்லட்டும். கல்கியின் கதையில் மந்திர மோதிரம் இல்லை. மெய்யான அரசர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு டோல்கீனின் உலகம் எப்படியோ, அப்படியே எங்கள் வயதினருக்கு அந்த வீரநாராயண ஏரியும், தஞ்சைக் கோட்டையின் சுரங்க வழியும், திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காடும்.

நண்பனின் வீட்டில் அவனுடைய அத்தை வாரப் பத்திரிகைத் தாள்களைக் கிழித்து, நூல்கோத்து, ஐந்து தொகுதிகளாகக் கட்டி வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் மேலூர்ப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போவேன். திண்ணையில் நானும் அவனும் அவன் தம்பியும் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே தொகுதியை மூவராக வாசிப்போம். வேகமாக வாசிப்பவன் தம்பி, பக்கத்தைப் புரட்டிவிடுவான், அண்ணன் அவன் கையில் அடிப்பான். பிற்காலத்தில் அவர்களுக்குள் பாகப்பிரிவினை நடந்தபோது கதையின் ஐந்து பாகங்களும் பிரிந்தன என்று நண்பன் ஒருமுறை சிரிக்காமல் சொன்னான். மூன்று இவனிடம், இரண்டு தம்பியிடம்.

அந்தக் கதையைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958இலேயே முயன்றார். பின்னர் அவருக்காகத் திரைக்கதை எழுதும் வேலையை இளைஞராயிருந்த மகேந்திரன் ஏற்றார். படம் வரவில்லை. கடைசியில் மணிரத்னம் இயக்கி 2022 செப்டம்பர் 30ஆம் நாள் முதற்பாகம் வெளியானது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாடு காத்திருந்த படம். முதல் வாரக் கூட்டம் குறைந்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு நண்பன் இரண்டு சீட்டு வாங்கிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். "பங்காளி, செவ்வாக்கெழம ஒங்க கோயில்ல கூட்டம் ஒண்ணும் இல்லல்ல?" என்று மட்டுமே கேட்டான்.

திரையரங்குக்குள் போகும்போது, 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய அரங்கு. இன்று அது இல்லை. இப்போதைய அரங்குகளில் இருக்கைகள் குறைவு, குளிர் அதிகம். நண்பன் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டான்.

முதற்பத்து நிமிடங்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. நூல் ஆடிப்பெருக்கு நாளில் ஏரிக்கரையில் தொடங்குகிறது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. "ஏரி எங்கடா?" என்று என் காதில் முணுமுணுத்தான். கடம்பூர் மணிமேகலையைக் காணோம் என்பது அவனுடைய இன்னொரு குறை. வந்தியத்தேவனுக்காகவே வாழ்ந்து அவன் மடியில் உயிர்விட்ட பெண்ணை விட்டுவிட்டுக் கதை சொல்ல எப்படி மனம் வந்தது என்பான். எனக்கு அப்படி வருத்தம் எழவில்லை. எழுத்தில் இருந்த ஒன்றுக்கு முகமும் குரலும் வரும்போது, மனத்தில் இருந்த பல முகங்களை நாம் இழக்கத்தான் வேண்டும். வாசகன் ஒவ்வொருவனிடமும் ஒரு நந்தினி இருந்தாள். இனி எல்லோருக்கும் ஒரே நந்தினி.

ஆனால் அந்த அரங்கில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பாண்டியனின் ஆபத்துதவிகள் திரையில் தோன்றியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய சீழ்க்கை எழுந்தது, தொடர்ந்து கைதட்டல். கதையில் அவர்கள் சதிகாரர்கள். சோழ வம்சத்தை வேரறுக்கச் சபதம் செய்தவர்கள். தஞ்சாவூரில் அவர்களுக்குக் கைதட்டியிருப்பார்களா என்று தெரியாது. இது மதுரை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பாண்டியனின் ஆட்கள் என்றால் நம் ஆட்கள்! நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். அந்தத் திண்ணையில் நாங்கள் மூவரும் மதுரை மண்ணில் படுத்துக்கொண்டே சோழனின் பக்கம் நின்று அழுதிருக்கிறோம். கதையில் வரும் இளவரசன் மதுராந்தகனின் பெயருக்குப் பொருள் என்ன? மதுரைக்கு எமன். அந்தப் பெயரை எத்தனை முறை உதடசைத்து வாசித்திருப்போம், ஒருமுறையும் உறுத்தவில்லை.

வேதத்தையும் நாம் இப்படித்தான் வாசிக்கிறோம். எப்போதும் தாவீதின் பாளயத்தில் நின்று, எப்போதும் இஸ்ரவேலின் முகாமிலிருந்து. யோனாவின் புத்தகம் மட்டும் நம்மைப் பிடித்துத் திருப்பி நினிவேயின் பக்கம் நிறுத்துகிறது. அங்கே நூற்றிருபதாயிரத்துக்கும் அதிகமான மனிதரும், அவர்களோடு ஆடுமாடுகளும் இருப்பதை ஆண்டவர் எண்ணிக் காட்டுகிறார். 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் என்ற தாய் இரட்டுத்துணியைப் பாறையின்மேல் விரித்துக்கொண்டு, தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்களைப் பறவைகளும் மிருகங்களும் தொடாதபடி அறுப்புக்காலத்தின் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை காவல் காக்கிறாள். சவுலின் வீடு தோற்ற வீடு. தோற்றவர்களின் வீட்டுப் பெண்ணுக்காக வேதம் அந்த வசனங்களை ஒதுக்கிவைத்திருக்கிறது.

மெய்யான வரலாற்றுக்கு வருகிறேன். வரலாற்றில் இக்கதையின் விதை மிகச் சிறியது, ஆனால் கொடியது. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் தன்னைச் 'சோழன் தலைகொண்ட' என்று குறிப்பிட்டுக்கொண்டான். அவனைச் சேவூர்ப் போரில் வென்ற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டான். ஒரு தலைக்கு ஒரு தலை. பட்டப்பெயரிலேயே பழிக்கணக்கு. பிறகு ஆதித்த கரிகாலனே கொல்லப்பட்டான். கொன்றவர் யார் என்பதைக் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது: இரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலியோர். கல்கியின் கதையில் வரும் ரவிதாசனுக்குப் பெயர் அங்கிருந்து வந்தது.

அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? கொலைக்காக இரங்கி அல்ல. துரோகம் செய்தவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் உரிய நிலங்களை முதலாம் இராசராசனின் ஆணைப்படி பறிமுதல் செய்து விற்றதைப் பதிவு செய்வதற்காக! ஓர் இளவரசனின் கொலைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சான்று ஒரு நில ஆவணம். இதை நான் நண்பனிடம் இடைவேளையில் சொன்னபோது அவன், "பத்திரம்தான் நெலைக்கும் பங்காளி. வேறென்ன நெலைக்கும்?" என்றான். அதில் நகைச்சுவை இருந்ததாக அப்போது நினைத்தேன்.

அந்தப் பழிக்கணக்கின் நடுவில்தான் கல்கி ஒரு பெண்ணை நிறுத்தினார். நூலில் கரிகாலன் தன் தோழன் பார்த்திபேந்திரனிடம் மனம் திறக்கும் இடத்தில் அது வருகிறது. திரையிலும் அக்காட்சி வந்தது. குடிசைக்குள் காயம்பட்டுக் கிடக்கிறான் பாண்டியன். வாளோடு நுழைகிறான் கரிகாலன். அவன் முன்னால் கைகூப்பி நின்று, உயிரை மட்டும் விட்டுவிடும்படி நந்தினி கெஞ்சுகிறாள். அவள் வேறு யாருமல்ல, அவன் இளமையில் நேசித்த பெண். வாள் இறங்குகிறது. அந்த இடத்தில் அரங்கில் சீழ்க்கை எழவில்லை. நண்பன் கழுத்துத் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். படத்தின் எஞ்சிய பகுதியில் அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. கடலும் கப்பலும் யானையும் வந்தன. அவன் அவற்றைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்து கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடையில் தேநீர் வாங்கினோம். பாதிக் குவளை ஆறும்வரை அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"எங்க வீட்டு வாசல்லயும் ஒருத்தி வந்து நின்னா, பங்காளி."

அவனுக்கும் தம்பிக்கும் இடையே வழக்கு நடப்பதை நான் அறிவேன். விவரம் அன்றுதான் அறிந்தேன். பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரிவரை இருபோகம். அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். கடைமடைக்குத் தண்ணீர் வருவதும் வராததும் வானத்தின் தயவு, வைகை அணையின் தயவு. ஆகவே அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் கிணற்றில் இருக்கிறது. இவர்களுடையது தகப்பனார் காலத்துக் கூட்டுக் கிணறு. பாகம் பிரித்தபோது நிலம் பிரிந்தது, கிணறு பொதுவில் நின்றது. மின் இணைப்பு மூத்தவன் பெயரில். வரப்பை யார் வெட்டிச் சரித்தார் என்பதில் தொடங்கிய வாய்ச்சண்டை வழக்காகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுகூட ஒரு கட்டத்தில் நின்றுபோயிற்று. மோட்டார் அறைக்குப் பூட்டுப் போட்டது அண்ணன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்துக்கு முந்திய நாட்கள். வாய்க்காலில் நீர் நின்றுவிட்டது. தம்பியின் வயலில் கதிர் பால்பிடிக்கும் பருவம். ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும். தம்பி வரவில்லை. அவன் மனைவி விடியற்காலையில் தனியாக வந்து வாசற்படிக்குக் கீழே நின்றிருக்கிறாள். இந்த ஒரு தடவை மட்டும், என்றாளாம். இவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"சாவியப் பூட்டி வச்சேன். அவன் பயிரு சாவியாப் போச்சு" என்றான் நண்பன். நெல்மணி பால்பிடிக்காமல் பதராவதை எங்கள் பக்கம் சாவி என்பார்கள். அந்த இரண்டு சாவிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தேநீரைக் கீழே ஊற்றினான். "அந்த ராஜா வெட்டுன மாதிரித்தான். கத்தி இல்ல. அவ்வளவுதான்."

அன்று நான் அவனுக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஆறுதல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் நான் திறந்து வாசித்தது 1 சாமுவேல் 25.

கதை உங்களுக்குத் தெரிந்ததே. மாகோனூரைச் சேர்ந்த நாபாலுக்கு மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் இருந்தன. கர்மேலில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாள். அவனுடைய மேய்ப்பர்களுக்கு அரணாயிருந்த தாவீது, உண்பதற்கு ஏதாவது கொடுக்கும்படி ஆளனுப்புகிறான். நாபால் அவனை எசமானனிடமிருந்து ஓடிப்போன வேலைக்காரனைப்போலப் பேசி அவமதிக்கிறான். தாவீது நானூறு பேருடன் பட்டயம் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். விடியுமுன் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் மிஞ்சக்கூடாது என்பது அவன் ஆணை.

இந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இதற்கு முந்திய 24ஆம் அதிகாரத்தில், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் குகையில் தாவீது உயிரோடு விட்டுவிடுகிறான். 26ஆம் அதிகாரத்தில் மறுபடியும் விட்டுவிடுகிறான். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் ரொட்டிக்காகவும் ஓர் இழிசொல்லுக்காகவும் ஒரு வீட்டையே அழிக்கப் போகிறான். உயிரை வாங்கத் துரத்திய அரசனை மன்னிக்க முடிந்தவனால், மரியாதை தராத ஆட்டுக்காரனை மன்னிக்க முடியவில்லை. தூரத்துப் பகைவனைவிட அண்டைப் பகைவன்மீது மனிதனுக்குக் கோபம் அதிகம். வரப்பு வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அப்போது அபிகாயில் வருகிறாள். கணவனிடம் சொல்லாமல், கழுதைகளின்மேல் இருநூறு அப்பங்களும், இரண்டு துருத்தி திராட்சரசமும், சமைத்த ஐந்து ஆடுகளும், வறுத்த தானியமும், வற்றல்களும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் அவனை எதிர்கொள்கிறாள். அவளுடைய பேச்சை அறிவாளியின் பேச்சு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். 31ஆம் வசனத்தில் 'பூக்கா' என்ற எபிரேயச் சொல் வருகிறது. பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். தள்ளாட்டம், கால் தடுமாறுதல் என்று பொருள். நீர் அரசராகும் நாளில், வீணாகச் சிந்திய இரத்தம் உமக்குத் தள்ளாட்டமாக இருக்கவேண்டாம் என்பது அவள் சொன்னதன் கருத்து. நாபாலுக்காக மட்டும் அவள் கெஞ்சவில்லை. கொல்லப் போகிறவனின் நாளைய நெஞ்சுக்காகவும் கெஞ்சினாள்.

கல்கியின் கரிகாலன் அந்தத் தள்ளாட்டத்தோடு நடமாடுகிறவன். வென்றவன், வீரன், பட்டத்து இளவரசன். ஆனால் தஞ்சைக்குள் கால்வைக்க முடியாதவன். இரவுகளில் அந்தப் பெண்ணின் முகம் அவனை விடுவதில்லை. விக்ரமின் நடிப்பில் அந்தக் குலைவு நன்றாகவே தெரிந்தது. இரண்டு இளம்படைத்தலைவர்கள், இரண்டு பெண்கள், ஒரே மன்றாட்டு. ஒருவன் குதிரையை நிறுத்தினான். மற்றவன் வாளை நிறுத்தவில்லை. தாவீது அவளிடம் சொன்ன மறுமொழி எனக்கு எப்போதும் வியப்பு: தன் கையை இரத்தப்பழிக்கு விலக்கியதற்காக அவளை அவன் வாழ்த்துகிறான். தடுக்கப்பட்டதற்காக நன்றி சொல்லும் போர்வீரனை வேறெந்தக் கதையிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த அதிகாரத்தை அச்சில் எடுத்து நண்பனுக்குக் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவ ஆடு, ரொட்டியெல்லாம் கொண்டுக்கிட்டு வந்தா. வெறுங்கையோட வந்திருந்தா அவன் கேட்டிருப்பானா?" எனக்கு விடை தெரியவில்லை. வேதமும் சொல்லவில்லை.

அந்தத் தை அறுவடை வந்தது, போனது. அவன் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வெளியானது. அதையும் சேர்ந்தே பார்த்தோம். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் நந்தினியின் முன் தானாகவே வந்து நிற்கும் காட்சி, என் கருத்தில், இரண்டு படங்களிலும் தலைசிறந்தது. கொலைகாரன் யார் என்பதைக் கல்கி கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை; அந்த மூடுபனிக்குள் இயக்குநர் தம் வழியை வெட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் நண்பன், "நீ வந்து என் தம்பிகிட்டப் பேசு பங்காளி. ஒங்க சபையில எத்தனை பஞ்சாயத்துப் பேசியிருப்பே" என்றான்.

லூக்கா 12இல் ஒருவன் ஆண்டவரிடம் வந்து, சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்கிறான். ஆண்டவர் அந்த நடுவர் வேலையை ஏற்க மறுத்துவிடுகிறார். அவரே மறுத்த வேலையை நான் ஏற்பது எப்படி என்று அவனிடம் கேட்டேன். பஞ்சாயத்துக்கு வரமாட்டேன், நீ போவதானால் கூட வருவேன் என்றேன். இரண்டு வாரம் அவன் அழைக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றும் நேரத்தில் வந்து நின்றான். இருவரும் அவனுடைய வண்டியில் போனோம். வெயில் தாழ்ந்த வேளை. வயலெல்லாம் அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. தம்பி வீட்டில் இல்லை. அவன் மனைவி வெளியே வந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நண்பன் அதைக் குடித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்துத் திண்ணையில் வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

அவள் சாவியைத் தொடவில்லை. "அவுக வந்ததும் சொல்றேன், மச்சான்" என்றாள். அவ்வளவுதான் அன்று நடந்தது. வழியெல்லாம் அவன், மச்சான் என்றாளே, மச்சான் என்றாளே என்று இரண்டு முறை சொன்னான்.

ஏசாவும் யாக்கோபும் சந்தித்ததுபோல இங்கே கட்டித் தழுவுதலை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கதையிலும் தழுவியபின் ஒருவன் சேயீருக்கும் ஒருவன் சுக்கோத்துக்குமாகத் தனித்தனியே போனார்கள் என்று ஆதியாகமம் 33 ஒளிக்காமல் சொல்கிறது.

மூன்றாம் நாள் தம்பியின் மகன், கல்லூரியில் படிக்கிற பையன், பெரியப்பா வீட்டுக்குச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். திருப்பி அனுப்பிவிட்டான் என்று நண்பன் முதலில் நினைத்தானாம். பையன்தான் சொன்னான்: அப்பா மேலூருக்குப் போய் அதேபோல் இன்னொரு சாவி செய்துகொண்டார், பழையது உங்களுடையது என்று கொடுத்துவிடச் சொன்னார். ஒற்றைப்படைத் தேதியில் அவர்கள், இரட்டைப்படைத் தேதியில் நீங்கள், என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனும் தம்பியும் இன்றுவரை ஒருவரோடொருவர் நேரில் பேசவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அடுத்த வாய்தா ஜூலையில். இருவருக்காகவும், அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு நண்பன் தொலைபேசியில் அழைத்தான். மே 31ஆம் தேதியும் ஒற்றைப்படை, ஜூன் 1ஆம் தேதியும் ஒற்றைப்படை. தம்பி இரண்டு நாளும் தொடர்ந்து மோட்டார் போட்டுவிட்டான், இது என்ன நியாயம் பங்காளி, என்று அரைமணி நேரம் என்னோடு சண்டை பிடித்தான்.